பிரெஸ்டன் நகரத்து ஃபின்னி

இங்கிலாந்தின் வடமேற்கே, பருத்தி ஆலைகளால் வாழ்ந்த நகரம் பிரெஸ்டன். 1888-இல் அந்நாட்டின் கால்பந்து லீக் தோன்றியபொழுது, முதலாண்டிலேயே ஓர் ஆட்டமும் தோற்காது வாகை சூடியது பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகம். அக்கழகத்தின் ஆடுகளத்துக்கு அண்மையில் 1922-இல் பிறந்தவர் டாம் ஃபின்னி. தந்தையின் கட்டளைப்படி முதலில் குழாய் வேலை பயின்றார். பெரும்புகழ் பெற்ற பின்னரும் அத்தொழிலை அவர் கைவிடவில்லை. உலகப் போர் குறுக்கிட்டது. எகிப்திலும் இத்தாலியிலும் படைப்பணி ஆற்றித் திரும்பி, 1946-இல், தம் 24-ஆம் வயதில்தான் முதல் லீக் ஆட்டம் ஆடினார். 1960-இல் ஓய்வு பெறும்வரை 433 லீக் ஆட்டங்கள், 187 கோல்கள். அனைத்தும் ஒரே கழகத்துக்கு.

மாணவ நேயர்களே, இதனை விசுவாசம் என்று ஒரு சொல்லால் முடித்துவிடுவோர் பலர். வரலாறு கற்போர் சற்றே நின்று நோக்குதல் வேண்டும்.

1952-இல் இங்கிலாந்துக் குழுவினர் இத்தாலி சென்றிருந்தனர். அப்பொழுது சிசிலித் தீவின் பலெர்மோக் கழகத் தலைவராகிய இளவரசர் ஒருவர் ஃபின்னியை அழைத்தார். முன்பணம் 10,000 பவுன், திங்கள்தோறும் 130 பவுன், மாளிகை, மோட்டார் வண்டி! இங்கிலாந்திலோ, எத்துணைச் சிறந்த ஆட்டக்காரராயினும் வாரத்துக்கு 14 பவுனுக்குமேல் ஊதியம் தரலாகாது என்பது விதி. கழகத்தாரிடம் கேட்டார், மறுத்துவிட்டனர். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கழகம் விடுவித்தாலன்றி ஆட்டக்காரர் வேறிடம் செல்ல இயலாத காலம் அது. ஆகவே அவர் தங்கியதில் பாதி கட்டாயமே எனலாம்.

மறு பாதியோ முற்றும் அவருடையது. மறுக்கப்பட்டவர் மனம் கசந்து, ஆட்டத்தில் சோர்ந்தாரில்லை. அடுத்த பருவத்திலேயே பிரெஸ்டன், ஆர்சனல் கழகத்தோடு சமப் புள்ளிகள் பெற்று, கோல் சராசரியில் மட்டுமே முதலிடம் இழந்தது. 1954-இல் கோப்பை இறுதியாட்டத்திலும் 3-2 என்று தோல்வி. நாட்டுக்காக 76 ஆட்டங்கள் ஆடியவருக்கு லீக் வாகையோ கோப்பையோ கடைசிவரை வாய்க்கவில்லை.

ஆட்டக்காரர் சங்கத்தின் போராட்டத்தால் ஊதிய வரம்பு 1961 ஜனவரியில் நீங்கியது. ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹெயின்ஸ் வாரம் 100 பவுன் பெறலானார். ஆட்டக்காரரை விடாது பிணித்த முறையும் நேர்மையற்றதென 1963-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபின்னி விலகிய மறு பருவமே பிரெஸ்டன் முதற் பிரிவினின்றும் வீழ்ந்தது. அவரோ அதே ஊரில் குழாய்த் தொழிலை நடத்திக்கொண்டிருந்தார்.