மூப்பும் பரம்பரையலகும்: பேராசிரியர் கானுங்கோவின் ஆராய்ச்சி

மூப்பு வெறுந் தேய்மானமே என்பது நெடுங்காலமாக நிலவிவந்த எண்ணம். தொழிற்சாலை இயந்திரம் ஓடி ஓடித் தேய்வதுபோல உடலும் தேய்கின்றதென்பர். ஆயின், ஊவாத் தோட்டங்களிற் கவ்வாத்து வெட்டிய முதிய தேயிலைச்செடி மீண்டும் இளந்தளிர் விடுவதை நாம் காண்கின்றோம். செடியை விலங்கோடு ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாதெனினும், உயிர்ப்பொருள் இரும்பன்று என்பதற்கு அது சான்றாகும்.

இவ்வினாவுக்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் காசி இந்து சர்வகலாசாலைப் பேராசிரியர் மதுசூதன் கானுங்கோ. அவர் 1927ஆம் ஆண்டிற் பெர்காம்பூரிற் பிறந்தார். இன்று ஒடிசாவைச் சேர்ந்த அந்நகர் அன்று சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தது. அமெரிக்காவின் இலினோய் சர்வகலாசாலையிற் பொன்மீன்கள் குளிருக்கும் வெப்பத்துக்கும் இசைவடையும் வகையை ஆராய்ந்தார். ஓர் உயிர் சூழலுக்கேற்பத் தன் இரசாயனத்தை மாற்றவல்லதாயின், வயதுக்கேற்பவும் மாற்றுமன்றோ? காசியில் அவர் எலிகளைக்கொண்டு இதனை ஆராயலானார். எலியின் ஆயுள் ஏறத்தாழ மூன்றாண்டே; ஆதலின் அதன் இளமையையும் முதுமையையும் ஆய்வாளர் விரைவிற் காணலாம்.

லக்டிக் அமிலத்தோடு தொடர்புடைய நொதியமொன்று உடலில் உண்டு. அதன் கூறுகள் இருவகையின. இதயவகை ஒட்சிசன் மிகுந்த இழையங்களுக்கு ஏற்றது. தசைவகை ஒட்சிசன் போதாதபோது உதவுவது. 1968இற் கானுங்கோவும் அவர்தம் மாணவரும் வெளியிட்ட முடிவின்படி, முதிய எலிகளின் மூளையிலும் இதயத்திலும் தசையிலும் தசைவகை பெரிதுங் குறைந்தது. இதயவகை அவ்வளவு குறையவில்லை. நமுனுகுல மலைச்சரிவிற் கொழுந்துக்கூடையோடு ஏறுவார்க்கு மூச்சு வாங்கும்போது வேண்டப்படுவது தசைவகையே. எலியிற் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் தகாது. எனினும், உழைக்கும் உடலின் முதுமையை ஆராய்வார்க்கு இஃது அரிய குறிப்பாகும்.

தேய்மானம் ஒன்றே காரணமாயின் இருவகையும் ஒருங்கே குறைதல் வேண்டும். அவ்விரண்டையும் ஆக்குவன வெவ்வேறு பரம்பரையலகுகள். ஒன்றன் கட்டளை தளர, மற்றையது நிலைத்தது. எனவே மூப்பு, பரம்பரையலகுகளின் கட்டுப்பாடு மாறுவதால் விளைவதென 1975இல் அவர் ஒரு கொள்கை வகுத்தார். வயதேறிய எலிகளின் மூளையில் ஓமோனை ஏற்கும் புரதம் குறைவதையும் அவ்வாண்டிலேயே அவர் குழுவினர் காட்டினர். 1971இற் பட்நாகர் பரிசும் 2005இற் பத்மசிறீ விருதும் அவருக்குக் கிடைத்தன. 1994இற் கேம்பிறிட்ஜ் வெளியிட்ட அவரது நூல் பரம்பரையலகையும் மூப்பையும் பற்றியதே.

அவர் கொள்கை முடிந்த முடிபன்று. கலங்களிற் சேரும் சேதத்தையும் இன்றைய விஞ்ஞானிகள் காரணமாகக் கொள்வர். அதனை ஒதுக்குதல் இயலாதென்பதே என் கருத்துமாம். ஆயினும் 2013இல் அமெரிக்க விஞ்ஞானி ஹோர்வாத், பரம்பரைப் பொருளின் மேலுள்ள இரசாயனக் குறிகளைக்கொண்டே ஒருவரின் வயதைக் கணிக்கலாமெனக் காட்டினார். அதனைக் காணக் கானுங்கோ இருக்கவில்லை. 2011ஆம் ஆண்டில் அவர் காலமாயினார்.