கையின் கணக்கும் கண்ணின் கணக்கும்

சுரண்டையில் நின்று, மேற்கே தெரியும் மலைத்தொடரைச் செல்போன் கேமராவில் வடக்கிலிருந்து தெற்காக மெல்லத் திருப்பிப் படம் பிடித்தால், மலை நிதானமாக நகரும். ஜூம் செய்துகொண்டு கையை அதே வேகத்தில் திருப்பினால், அதே மலை விழுந்தடித்துக்கொண்டு ஓடும். கை செய்தது ஒன்று. கண் கண்டது இரண்டு. துப்பாக்கிச் சூட்டு விளையாட்டுகளில் ஒரு பார்வைக்கோணத்துக்குப் பழகிய மவுஸ் சென்சிட்டிவிட்டியை இன்னொரு கோணத்துக்கு மாற்றும்போது ஆட்டக்காரர்கள் இரு அணியாகப் பிரிவதும் இந்த இடத்தில்தான்.

ஓர் அணி கையின் கணக்கைப் பிடித்துக்கொள்கிறது: முழுச் சுற்று திரும்ப மவுஸ் எத்தனை செ.மீ. நகர்கிறதோ, அந்த அளவு எங்கும் மாறக் கூடாது. மற்ற அணி கண்ணின் கணக்கைப் பிடித்துக்கொள்கிறது: திரையின் நடுவில் படம் ஓடும் வேகம் எங்கும் மாறக் கூடாது. முன்னதற்கு வகுத்தல் போதும். பின்னதற்கு டேன்ஜென்ட் வேண்டும்.

கவுண்டர் ஸ்ட்ரைக்கிலிருந்து வேலரன்ட்டுக்குப் போகிறவர் தம் சென்சிட்டிவிட்டியை 3.18 ஆல் வகுப்பது வழக்கம். சென்சிட்டிவிட்டி 1 எனில், மவுஸின் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னது 0.022 பாகையும் பின்னது 0.07 பாகையும் திரும்பும். அந்த இரண்டின் விகிதமே 3.18. 800 டிபிஐ மவுஸில் 1 வைத்து ஆடியவருக்கு இரண்டு விளையாட்டிலும் முழுச் சுற்றுக்கு 52 செ.மீ. ஆகிறது. இது கையின் கணக்கு. கண்ணின் கணக்கோ, 16:9 திரையில் முன்னதன் கோணம் 106 பாகை, பின்னதன் கோணம் 103 பாகை என்பதையும் சேர்த்துப் பார்த்து, 3.37 ஆல் வகுக்கச் சொல்கிறது. வேறுபாடு 6 சதவீதம். கோணங்கள் நெருங்கியிருக்கும்வரை இரு அணிக்கும் பெரிய வழக்கில்லை.

வழக்கு ஸ்கோப்பில் தொடங்குகிறது. கவுண்டர் ஸ்ட்ரைக்கின் ஏடபிள்யூபி துப்பாக்கியில், 4:3 திரை அளவில் 90 பாகையாக இருந்த பார்வை முதல் ஜூமில் 40 ஆகவும் இரண்டாவதில் 10 ஆகவும் சுருங்குகிறது. கையின் கணக்கில் 52 செ.மீ. அப்படியே நிற்கும், நடுத்திரைப் படமோ முதல் ஜூமில் 2.75 மடங்கும் இரண்டாவதில் 11.4 மடங்கும் வேகமெடுக்கும். கண்ணின் கணக்கில் படத்தின் வேகம் அப்படியே நிற்கும்; முழுச் சுற்றோ முதல் ஜூமில் 143 செ.மீ. ஆகவும் இரண்டாவதில் ஏறத்தாழ 6 மீட்டராகவும் நீளும். ஒன்று குறியை நழுவவிடுகிறது. மற்றொன்று திண்ணை நீளத்துக்கு மவுஸ் பேட் கேட்கிறது.

ஆனால் ஒவ்வொன்றும் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறது. முதுகுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்புகிறவனுக்குத் திரையில் எதிரி இன்னும் இல்லை. அவன் நம்புவது கையின் நினைவை. குறுக்கே ஓடுகிறவனைக் குறியோடு துரத்துகிறவனுக்கு முதுகுப்பக்கம் பொருட்டல்ல. அவன் நம்புவது படத்தின் ஓட்டத்தை.

கண்ணின் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. சாரல் சீசனில் குற்றாலப் பேரருவியின் முன் எடுத்த குரூப் போட்டோவைப் பாருங்கள். அகலக் கோண லென்ஸில் நடுவில் நிற்பவர் ஒழுங்காக இருப்பார். ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தெரிவார். விளையாட்டுத் திரையும் அப்படித்தான். 106 பாகைப் பார்வையில் ஓரத்துப் படம் நடுவைவிட 2.78 மடங்கு வேகமாக ஓடுகிறது. முதல் ஜூமில் கையின் கணக்கு தந்த 2.75 மடங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. கண்ணுக்கு அந்நியம் என்று ஒதுக்கிய வேகம், ஸ்கோப் போடாதபோதும் திரையின் ஓரத்தில் தினமும் ஓடிக்கொண்டிருந்த வேகம்தான்.

அப்படியானால் நடுவைத்தான் ஒப்பிட வேண்டும் என்று யார் சொன்னது? 4:3 திரையின் ஓரத்திலுள்ள எதிரியை நடுவுக்குக் கொண்டுவர ஆகும் மவுஸ் தூரத்தையும் ஒப்பிடலாம். ஸ்கோப்பில் மவுஸ் வேகத்தைத் தீர்மானிக்கும் எண்ணான கவுண்டர் ஸ்ட்ரைக்கின் ஜூம் சென்சிட்டிவிட்டி ரேஷியோ இயல்பாக 1 என்று இருப்பது அந்த ஓரக் கணக்கே. முதல் ஜூமில் நடுவைப் பொருத்த அந்த எண் 0.82 ஆக வேண்டும்; முழுச் சுற்றைப் பொருத்த 2.25 ஆக வேண்டும்.

இந்த மூன்று எண்களும் ஒரே பாதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒப்பிடும் புள்ளியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினால் 0.82 வளர்ந்து 1 ஆகிறது. ஓரத்தையும் தாண்டித் திரையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டே போவதாக எண்ணுங்கள். எண்ணும் கூடிக்கொண்டே போகும். முடிவிலியில் இருக்கும் ஓரம், 90 பாகைப் பார்வையானாலும் 40 பாகைப் பார்வையானாலும், நடுவிலிருந்து சரியாக 90 பாகையில் இருக்கும். கோணம் ஒன்றே என்றால் மவுஸ் போகும் தூரமும் ஒன்றே, எண் 2.25 இல் வந்து நிற்கிறது. எதிரணி என்று நினைத்த கையின் கணக்கு, முடிவிலியில் புள்ளி வைத்த கண்ணின் கணக்காகவே தெரிகிறது.

பாதையின் நீளமும் எப்போதும் ஒன்றல்ல. 90 இலிருந்து 40 க்குப் போகையில் ஓரக் கணக்கு வேகத்தை 0.44 மடங்காக்குகிறது, நடுக்கணக்கு 0.36 மடங்காக்குகிறது. 40 இலிருந்து 10 க்குப் போகையிலோ 0.25 க்கும் 0.24 க்கும்தான் பேச்சு. கோணம் சிறுக்கச் சிறுக்க ஓரம் நடுவின் பக்கத்தில் வந்துவிடுகிறது. எனினும் ரேஷியோ ஒன்றுதான், ஜூம் இரண்டு. முதலாவதன் நடுவுக்குப் பொருந்தும் 0.82, இரண்டாவதன் நடுவுக்கு 0.79 ஆக வேண்டியிருக்கிறது.

ஆகவே யூடியூபில் கண்ட எண்ணைத் தம் விளையாட்டில் பதிகிறவர், அறியாமலே ஒரு புள்ளியையும் தேர்ந்துவிடுகிறார். 0.82 என்று பதிந்தவர் கண்ணை நடுத்திரையில் நிறுத்தியிருக்கிறார், 2.25 என்று பதிந்தவர் அதைத் திரைக்கு வெளியே, எட்டாத் தொலைவில் நிறுத்தியிருக்கிறார்.