ஆயர் ஈத்தாமில் படமும் பாட்டும் வீடு சேர்ந்த வழி

பினாங்குத் தீவின் நடுவே நீளும் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் இருக்கிறது. மலாய் மொழியில் பெயரின் பொருள் ‘கறுப்பு நீர்’. 1890-இல் கட்டத் தொடங்கிய கெக் லோக் சி கோயிலும், 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலின் அடிவார நிலையமும் இந்த ஊரை வெளியூரார் அறியச் செய்தவை. ஊரில் குடியிருப்பவருக்கு இந்த மலைகள் இன்னொரு வகையில் நன்றாகத் தெரியும். வானொலி, தொலைக்காட்சி, இணையம் என வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த ஒவ்வொன்றும் மலையையும் மழையையும் கேட்டுக்கொண்டுதான் வந்தது. இப்போது பலர் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துப் படங்களையும் பாடல்களையும் சேமிக்கிறார்கள். அதை வெளியிலிருந்து திறக்க முடியாமல் திணறுவது அந்த வரலாற்றின் அண்மைக்கால அத்தியாயம். ஓட்டத்தின் திசை மட்டும் இப்போது தலைகீழாகிவிட்டது.

அருகில் உள்ள பினாங்கு மலையைத் தமிழர்கள் கொடிமலை என்கிறார்கள். மலாய்ப் பெயரான புக்கிட் பெண்டேராவின் நேர்ப்பொருள் அது. ஆங்கிலேயர் காலத்தில் உச்சியில் நின்ற கொடிமரத்திலிருந்து, கப்பல் வரும் செய்தி கடற்கரையில் இருந்த கார்ன்வாலிஸ் கோட்டைக்குக் கொடி அடையாளங்களாக அனுப்பப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்தால்தான் செய்தி. மேகம் மலையை மூடினால் கொடியும் இல்லை, சேதியும் இல்லை. மலையின் பெயரே ஒரு தொலைத்தொடர்புக் கருவியின் பெயராக அமைந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வானொலி பினாங்குக்கு அரசு வழியாக வரவில்லை. ஆர்வலர்கள் வழியாக வந்தது. பினாங்கு வயர்லெஸ் சங்கம் 1934-இல் இசட்.எச்.ஜே. என்ற அழைப்புக் குறியுடன் சிற்றலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் நிகழ்ச்சிகள் வந்தன. சொந்தக் கருவி, சொந்தச் செலவு, கேட்பவர் கேட்கட்டும் என்ற மனப்பான்மை: இன்று வீட்டில் சர்வர் வைத்திருப்பவருக்கு இந்தச் சங்கத்தாரே மிக நெருங்கிய முன்னோர் எனலாம். ஜப்பானிய ஆட்சியில் அந்தச் சுதந்திரம் போயிற்று. வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது குற்றமானது. வானொலிப் பெட்டிகளில் சிற்றலை கேட்கும் வசதி முடக்கப்பட்டது. போருக்குப் பின் 1946 ஏப்ரல் 1-இல் ஒலிபரப்புத் துறை அமைந்து, ரேடியோ மலாயா வளரத் தொடங்கியது.

அதற்குப் பிறகு வந்த ரீடிஃபியூஷன் வேறு வகை. சிங்கப்பூரில் 1949-இல் தொடங்கிய இந்தச் சேவை மலாயாவின் நகரங்களுக்கும் பினாங்குக்கும் வந்தது. இதில் ஏரியல் கிடையாது. நிலையத்திலிருந்து கம்பி வீட்டுக்கு வரும். சுவரில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும். மாதச் சந்தா கட்ட வேண்டும். மலை குறுக்கே நின்றாலும் கம்பிக்குக் கவலை இல்லை. ஆனால் கம்பி அறுந்தால் ஒரு வரிசை வீடுகளே ஊமையாகிவிடும். பழுதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது: பக்கத்து வீட்டுப் பெட்டி பேசுகிறதா என்று பார்ப்பது. பேசினால் கோளாறு இந்த வீட்டுக் கம்பியில், பேசாவிட்டால் தெருவில். இப்படி ஓட்டத்தைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் தடை என்று தேடும் வழக்கம் பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தியது.

தொலைக்காட்சி கோலாலம்பூரில் 1963 டிசம்பர் 28-இல் தொடங்கியது. இரண்டாம் அலைவரிசை 1969 நவம்பர் 17-இல். வண்ணம் 1978 டிசம்பர் 28-இல். தீபகற்பத்தின் வடபகுதிக்கு அலைகளை அனுப்பும் முக்கியக் கோபுரங்களில் ஒன்று கெடாவின் குனோங் ஜெராய் மலையில் இருக்கிறது. பினாங்குத் தீவில் புக்கிட் பெனாராவில் இன்னொன்று. அது மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தைச் சேர்ந்தது. நேர்கோட்டில் செல்லும் அலைக்கு மலை ஒரு சுவர். மலையடியை ஒட்டிய வீட்டில் நேர் அலை பலவீனமாகவும், எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதமாகவும் வந்தால், திரையில் ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் மங்கலான ஓர் இரட்டை தெரியும். அதைப் பேய் உருவம் என்பார்கள். ஒருவர் கூரையில் ஏரியலைத் திருப்ப, இன்னொருவர் வாசலில் நின்று ‘இப்போ தெரியுது’, ‘இல்லை, போயிடுச்சு’ என்று கத்துவதுதான் அன்றைய பழுது பார்க்கும் முறை. கூரையில் இருப்பவருக்குத் திரை தெரியாது, திரைக்கு முன் இருப்பவருக்கு ஏரியல் தெரியாது. இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் ஒருவரால் பார்க்க முடியாததே சிரமத்தின் வேர். வீட்டு சர்வரிலும் அந்தச் சிரமம் அப்படியே இருக்கிறது.

1996-இல் வந்த ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி மலைப் பிரச்சினையை ஏறக்குறைய ஒழித்தது. அதன் மீசாட் செயற்கைக்கோள் கிழக்கு 91.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கிறது. பினாங்கிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட உச்சிவானம். சிறிய தட்டு வானை நோக்கி மல்லாந்து கிடந்தால் போதும். மலையின் இடத்தை மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்ட்ரோ பயன்படுத்தும் கே.யூ. பட்டையின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே ஆகையால், கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மாலை மழையில் ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசையான வானவில் உறைந்து நிற்பதற்குக் காரணம் தட்டும் அன்று, பெட்டியும் அன்று. ஆள் கூப்பிட்டுப் பார்ப்பதற்குள் மழை விட்டுப் படம் திரும்பியிருக்கும்.

இதற்கிடையே, வெளியிலிருந்து வருவதற்குக் காத்திராமல் வீட்டிலேயே சேர்த்துவைக்கும் பழக்கம் வளர்ந்தது. 1980-களில் வீடியோ நாடா, 1990-களில் வி.சி.டி., பிறகு டி.வி.டி. தமிழ்ப் படம் இரண்டு மூன்று வி.சி.டி. வட்டுகளாகப் பிரிந்து வந்தது. ஒரு வட்டில் சுமார் 74 நிமிடம்தான் அடங்கும். டி.வி.டி.யில் வேறொரு பூட்டு இருந்தது. உலகம் விற்பனை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டபோது மலேசியா 3-ஆம் மண்டலத்திலும் இந்தியா 5-ஆம் மண்டலத்திலும் விழுந்தன. மண்டலக் குறி இட்ட வட்டைச் சென்னையில் வாங்கிவந்தால் பினாங்கில் வாங்கிய கருவி ஏற்காமல் போகலாம். காசு கொடுத்து வாங்கியவனே பார்க்க முடியாத விசித்திரம் அது. நாடாக்களில் பூஞ்சை படிந்தது; இந்தக் காற்றின் ஈரத்தில் அது தவிர்க்க முடியாதது. கல்யாண வீடியோக்களைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியவர்கள் வன்தட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வன்தட்டில் உள்ளதைத் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் பரிமாறும் மென்பொருள் தனிக் கிளையாக வளர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக ஆர்வலர்கள் எழுதிய மீடியா சென்டரின் வழித்தோன்றலாக 2008-இல் பிளெக்ஸ் வந்தது. எம்பி என்னும் மற்றொரு மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, அதிலிருந்து பிரிந்து 2018 டிசம்பரில் ஜெல்லிஃபின் தொடங்கியது. பிளெக்ஸ் 32400 என்னும் போர்ட் எண்ணில் காத்திருக்கும், ஜெல்லிஃபின் 8096-இல். போர்ட் என்பது வீட்டு முகவரிக்குள் இருக்கும் கதவு எண் போன்றது. முகவரி சரியாக இருந்தும் கதவு மூடியிருந்தால் விருந்தாளி திரும்பிவிடுவார்.

மென்பொருள் வந்த கையோடு வெளியூரிலிருந்து பார்ப்பது கைகூடவில்லை. டெலிகாம் மலேசியா 2001-இல் தொடங்கிய ஸ்ட்ரீமிக்ஸ் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பியில் ஓடியது. நிலையத்திலிருந்து கம்பி நீள நீள வேகம் குறையும். அதிலும் பதிவேற்றத்துக்கு ஒதுக்கியது சிறு பங்கு. வீட்டிலிருந்து வெளியே ஒரு படத்தை அனுப்ப அது போதாது. 2010 மார்ச்சில் யுனிஃபை கண்ணாடியிழைச் சேவை கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கியபோது பதிவேற்றமும் பதிவிறக்கமும் சம வேகத்தில் கிடைத்தன. அந்த இழை பினாங்குக்கும் வந்த பிறகுதான் வீடே ஒரு சிறு ஒளிபரப்பு நிலையமாக முடிந்தது.

அப்போது எழுந்த தடை மலையும் அன்று, மழையும் அன்று, முகவரிப் பஞ்சம். இணையக் கருவிகளுக்கு எண் தரும் ஐபிவி4 முறையில் மொத்தம் உள்ளவை சுமார் 430 கோடி முகவரிகள். உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-இல் தீர்ந்தது. ஆசிய பசிபிக் முகவரிப் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதியைத் தொட்டுப் பங்கீட்டைச் சுருக்கியது. வீட்டுக்கு ஒரு பொது முகவரி தர முடியாத சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்தன. சிஜிநாட் எனப்படும் இந்த ஏற்பாட்டுக்காகவே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் ஒதுக்கப்பட்டன. அடுக்குமாடிக்கு ஒரே தபால் பெட்டி வைத்தது போன்றது இது. உள்ளே இருப்பவர் கடிதம் அனுப்பலாம், பதிலும் பெறலாம். அழைக்காமல் வரும் கடிதத்தை எந்த வீட்டில் சேர்ப்பது என்று பெட்டிக்குத் தெரியாது. வெளியிலிருந்து சர்வரைத் தேடிவருவது அப்படிப்பட்ட கடிதம்தான்.

ஆகவே இன்றைய பழுது தேடலும் ரீடிஃபியூஷன் காலத்து முறையிலேயே பாதியாகப் பிரிக்கிறது. முதலில் வீட்டு வைஃபையில் இருந்தபடி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறக்காவிட்டால் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சர்வர் கணினிக்கு ரவுட்டர் வேறு எண் கொடுத்திருக்கலாம், நேற்று 192.168.0.10 என்றிருந்தது மின்தடைக்குப் பின் 192.168.0.14 ஆகியிருக்கலாம். அந்த எண்ணை ரவுட்டரிலேயே நிலையாகப் பதிந்துவிட்டால் தீர்ந்தது. விண்டோஸ் தன் வலையைப் ‘பொது’ என்று குறித்துக்கொண்டு நெருப்புச்சுவரை மூடியிருக்கலாம். விருந்தினர் வைஃபையில் சேர்ந்த தொலைக்காட்சியால் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாது. பழைய அடுக்குமாடிகளின் கான்கிரீட் சுவர் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்குவதும் உண்டு.

உள்ளே திறந்து வெளியே திறக்காவிட்டால், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள வெளி முகவரியையும் இணையத்தில் மற்றவருக்குத் தெரியும் முகவரியையும் ஒப்பிட வேண்டும். இந்த ஒரு சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் போர்ட்டை சர்வருக்குத் திருப்பிவிடுவது போதும். முகவரி அடிக்கடி மாறினால், அதை ஒரே பெயரோடு இணைத்துவைக்கும் சேவை ஒன்று வேண்டும். ரவுட்டரில் இருப்பது 192.168 என்று தொடங்கினால், முன்னால் இன்னொரு ரவுட்டர் நிற்கிறது. நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் கடையில் வாங்கியதை மாட்டினால் இப்படி ஆகும்; ஒன்றை, முகவரி பங்கிடாமல் இணைப்பைக் கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்ற வேண்டும். யுனிஃபை இணைப்பில் ரவுட்டரையே மாற்றுகிறவர் ஒரே இழையில் ஓடும் சேவைகளைப் பிரிக்கும் விலான் எண்ணை இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்று குறிப்பிட மறந்தால் எதுவுமே வராது. முகவரி 100.64 வரிசையில் விழுந்தால் போர்ட் அமைப்பில் எத்தனை மாற்றம் செய்தும் பயனில்லை. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்கலாம், வயர்கார்ட், டெய்ல்ஸ்கேல் போன்ற சுரங்கப் பாதை போடலாம், ஐபிவி6-க்கு மாறலாம். டெய்ல்ஸ்கேலும் அதே 100.64 வரிசையைப் பயன்படுத்துவதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர் உண்டு.

ஐபிவி6 என்றால் பினாங்குக்கு அந்நியமான சொல் அன்று. ஆயர் ஈத்தாமுக்கு அருகே குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய மேம்பட்ட ஐபிவி6 மையம் 2005-இல் அமைந்தது. அதன் இயக்குநராக இருந்தவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும் அந்த முறையில் தபால் பெட்டிப் பிரச்சினையே எழாது. ரவுட்டரின் நெருப்புச்சுவரில் அனுமதி மட்டும் வேண்டும்.

கதவு திறந்த பிறகும் படம் திக்கினால் காரணம் வேறு. பார்க்கும் கருவிக்குப் புரியாத வடிவத்தில் கோப்பு இருந்தால் சர்வர் அதை ஓடும்போதே மாற்றியாக வேண்டும். பழைய கணினி அதற்கு மூச்சு வாங்கும். வட்டிலிருந்து எடுத்த பட வடிவ வசன வரிகளைத் திரையில் பதிப்பதற்கும் அதே உழைப்பு தேவை. தமிழ் வசன வரிகளில் தனித் தொல்லை ஒன்று உண்டு: யுனிகோடுக்கு முந்திய குறிமுறைகளில் தட்டச்சிட்ட கோப்புகள் திரையில் புரியாத குறிகளாக வரும். யுனிகோடுக்கு மாற்றிச் சேமித்தால் சரியாகிவிடும்.

திறந்த கதவைப் பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும். 2022-இல் கடவுச்சொற்களைச் சேமித்துத்தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினியில் புதுப்பிக்காமல் கிடந்த பிளெக்ஸ் வழியாகவே நுழைந்தார்கள்; அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020-லேயே வெளிவந்திருந்தது. பிளெக்ஸ் நிறுவனம் 2025 ஏப்ரல் 29 முதல், சொந்த சர்வரில் உள்ள படத்தை வெளியிலிருந்து பார்ப்பதற்குக் கட்டணம் விதித்தது. ஒரே வீட்டு வலைக்குள் பார்க்கக் கட்டணம் இல்லை. ஜெல்லிஃபினில் இரண்டுக்கும் இல்லை.