அட்டையில் பிறந்த எழுத்து

நரை கண்ட கறுப்பரையும் ‘பையா’ என்றழைத்தது அமெரிக்காவின் நிறத்திமிர். 1968 பிப்ரவரி 1-இல், மெம்பிசு நகரில், குப்பை வண்டியின் பொறி இரு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளரை நசுக்கிக் கொன்றது. வெகுண்டெழுந்தனர் தோழர்கள், ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். “நான் மனிதன்!” – அவர்கள் ஏந்திய அட்டைகளில் தடித்த எழுத்தில் அச்சான முழக்கம் இது. ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16-இல் நகராட்சி பணிந்தது. சங்கம் ஏற்கப்பட்டது, கூலி உயர்ந்தது.

ஊர்வலம் கலைந்தபின் அட்டைக்கு ஆயுள் ஏது? ஆயினும் அவ்வெழுத்து அழியவில்லை. 2016-இல் ‘வோக்கல் டைப்’ எழுத்தகத்தைத் தொடங்கிய கறுப்பின வடிவமைப்பாளர் டிரே சீல்சு, அவ்வட்டைகளை அடியொற்றிக் கணினி எழுத்துரு ஒன்றை வடித்து, ‘மார்ட்டின்’ எனப் பெயரிட்டார்.

மன்னர் கல்லில் வெட்டிய புகழுரை மண்டபத்தில் உறங்குகிறது; உழைப்பாளி அட்டையில் ஏந்திய உரிமைக்குரலோ புதிய சொற்களை எழுதுகிறது!