பெருசா? பொடிசா? – ரக்பி லீகின் தீராத பஞ்சாயத்து

ரக்பி லீக் ரசிகர்கள் ரெண்டு பேர் ஒரு இடத்துல சேர்ந்தா ஒரு பஞ்சாயத்து கண்டிப்பா கிளம்பும். "இந்தக் கிழடுகளை வீட்டுக்கு அனுப்பிட்டு பசங்களுக்கு வாய்ப்பு குடுங்கப்பா" என்பார் ஒருத்தர். "பெரிய மேட்ச்ல பசங்க நடுங்கிடுவாங்க, அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல" என்பார் இன்னொருத்தர். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழகின சண்டைதான். ஆனா கிரிக்கெட்டை விட இங்கே சூடு அதிகம். ஏன்னா இது உடம்பை அரைச்சு எடுக்கிற ஆட்டம்.

தெரியாதவங்களுக்கு நாலு வரி. 1895-ல் வடக்கு இங்கிலாந்தில், வேலையை விட்டுட்டு ஆட வர்ற தொழிலாளிக்கு அன்றைய கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்ற தகராறில் பழைய ரக்பியிலிருந்து பிரிந்து வந்த ஆட்டம் இது. பக்கத்துக்கு 13 பேர், 80 நிமிஷம். பந்து வெச்சிருக்கிற அணியை ஆறு முறை மடக்கிப் பிடிச்சா பந்து கைமாறும். அமெரிக்க ஃபுட்பால் மாதிரி கூண்டு வெச்ச ஹெல்மெட் எல்லாம் கிடையாது. எதிரே ஓடி வர்ற 110 கிலோ ஆளைத் தோளால நிறுத்தணும், அதுவும் திரும்பத் திரும்ப. அதனாலதான் முப்பதைத் தாண்டினாலே இங்கே 'பெருசு' பட்டம்.

இந்த விவாதத்துக்கு வரலாற்றில் சாட்சி தேடினால் ஆஸ்திரேலியாவின் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' தொடரை விட நல்ல இடம் இல்லை. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் ரெண்டு மாநிலமும் வருஷம் மூணு ஆட்டம் மோதும். எந்த கிளப்புக்கு ஆடினாலும் சரி, நீ எந்த மண்ணில் ஆடத் தொடங்கினாயோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆடணும் என்பது இதன் அடிப்படை. வருஷத்துக்கு மூணே ஆட்டம் என்பதால் ஒவ்வொரு தேர்வும் ஊர்ப் பேச்சாகிவிடும்.

இந்தத் தொடர் தொடங்கினதே ஒரு பெருசால்தான். அதுவரை சிட்னி கிளப்புகளின் பணம் குயின்ஸ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு அவங்களே நியூ சவுத் வேல்ஸ் சட்டையில் வந்து சொந்த ஊரை அடித்துவிட்டுப் போவாங்க. ஆர்தர் பீட்சன் அப்படிப் போனவர்தான். குயின்ஸ்லாந்தின் ரோமா ஊர்க்காரர், ஆஸ்திரேலியப் பழங்குடி. ஆஸ்திரேலிய அணிக்கே தலைமை தாங்கினவர். ஆனா சொந்த மாநிலத்துக்கு ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லை. 1980 ஜூலை 8 அன்று பிரிஸ்பேன் லாங் பார்க்கில் முதல் ஆரிஜின் ஆட்டம் நடந்தபோது அவருக்கு வயது 35. அந்தச் சமயம் பாரமட்டா கிளப்பில் இரண்டாம் அணியில் ஆடிக்கொண்டிருந்தார். அவரைப் போய்த் தலைவராகப் போட்டார்கள்! குயின்ஸ்லாந்து 20-10 என்று ஜெயித்தது.

இத்தோடு கதையை முடிச்சா "பார்த்தியா, பெருசுதான் கெத்து" என்று சொல்லிடலாம். ஆனா அதே அணியில் மால் மெனிங்கா என்று ஒரு பையன் இருந்தான். சரியாக அன்றைக்குத்தான் அவனுக்கு 20 வயது நிறைந்தது. ஏழு முறை உதைத்து ஏழும் கோல். அதாவது அணியின் 20 புள்ளியில் 14 அவன் காலிலிருந்து வந்தது. 35 முன்னாடி நின்று அடி வாங்கியது, 20 பின்னாடி நின்று புள்ளி சேர்த்தது. ரெண்டில் எதை எடுத்தாலும் அந்த ராத்திரி இல்லை. ஆனா 'பெருசா பொடிசா' என்று சண்டை போடுகிறவர்கள் பீட்சன் கதையை மட்டும் சொல்லுவாங்க.

அடுத்தது 2001. எனக்கு ரொம்பப் பிடித்த வருஷம். முந்தின 2000-ல் குயின்ஸ்லாந்து மூணு ஆட்டமும் தோற்றிருந்தது, கடைசி ஆட்டத்தில் 56-16. மானமே போச்சு. வெய்ன் பென்னட் மறுபடி கோச்சாக வந்தார். முதல் ஆட்டத்திலேயே பத்துப் புதுமுகங்களை இறக்கினார். 17 பேர் கொண்ட அணியில் பத்து! 20 வயது கார்ல் வெப் அறிமுக ஆட்டத்திலேயே டிரை போட்டார். குயின்ஸ்லாந்து 34-16.

பொடிசுக் கட்சிக்கு வெற்றி என்று நினைப்பதற்குள் இரண்டாவது ஆட்டத்தில் 8-26 என்று உதை. மூணாவது ஆட்டம்தான் முடிவு. பென்னட் என்ன செய்தார் தெரியுமா? இங்கிலாந்தில் வாரிங்டன் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த ஆலன் லாங்கரை ரகசியமாக வரவழைத்தார். ஐந்தரை அடி உயரம்கூட முழுசாகத் தேறாத மனிதர், வயது 34. 1999-ல் சீசன் நடுவிலேயே பிரிஸ்பேன் கிளப்பை விட்டு விலகி, 'அவ்வளவுதான், முடிஞ்சது' என்று எல்லோரும் எழுதிவைத்த ஆள். பூமிப் பந்தின் அந்தப் பக்கத்திலிருந்து பறந்து வந்து 2001 ஜூலை 1-ல் களமிறங்கினார். குயின்ஸ்லாந்து 40-14. அடுத்த வருஷமும் 35 வயதில் வந்து ஆடினார் என்பது உபரித் தகவல்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லாங்கர் முட்டி மோதுகிற இடத்தில் ஆடுகிறவர் இல்லை, ஹாஃப்பேக். எப்போது உதைக்கணும், யாருக்குத் தள்ளணும், எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று பார்க்கிற வேலை. அந்தக் கணக்கு முப்பதுக்கு மேல் தேறுமே தவிர மங்காது. ஓட, முட்ட, விழுந்து எழ அவரைச் சுற்றி இளவட்டம் இருந்தது. பென்னட் கட்சி மாறவில்லை. பசங்களிடம் இல்லாத ஒரே ஒரு சாமானை வெளியிலிருந்து கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

லாங்கர் வெளுத்து வாங்கிய அந்த ராத்திரி எதிரணியின் தலைவர் யார்? பிராட் ஃபிட்லர். அதோடு மாநில ஆட்டத்துக்கு முழுக்குப் போடப் போவதாகச் சொல்லியிருந்தார். 1990-ல் 18 வயதில் நியூ சவுத் வேல்ஸுக்கு ஆட வந்தவருக்கு அந்த 14-40 தான் வழியனுப்பு விழா. பாவம்.

ஆனா கதை முடியலை. 2004-ல் நியூ சவுத் வேல்ஸின் ஆட்டக்காரர்கள் காயத்தில் வரிசையாக விழ, 32 வயது ஃபிட்லரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்த முதல் ஆட்டம் தோல்வி. கடைசி ஆட்டத்தில் எதிராளி உதைத்த பந்தைக் கையால் தடுத்து, எடுத்து ஓடி டிரை போட்டார். 36-14. தொடர் அவங்களுக்கு.

இப்படி ஒரு அனுபவம் உள்ள மனுஷன் 2018-ல் கோச்சாக வந்தால் அனுபவசாலிகளைத்தானே நம்பியிருப்பார்? முதல் ஆட்டத்தில் அவர் இறக்கிய புதுமுகங்கள் 11 பேர்! 20 வயது நேதன் க்ளியரி, 20 வயது லட்ரெல் மிட்செல் எல்லாம் அதில் உண்டு. அதற்கு முந்தின 12 தொடரில் 11-ஐ இழந்த மாநிலம் அது. மெல்போர்னில் 22-12 என்று ஜெயித்து, தொடரையும் எடுத்தார்கள்.

பில்லி ஸ்லேட்டர் கதை இதுக்கும் மேலே. 2017-ல் குயின்ஸ்லாந்து முதல் ஆட்டத்தில் 4-28 என்று சொந்த ஊரிலேயே மண்ணைக் கவ்வியது. தோள் அறுவை சிகிச்சைகளில் ரெண்டு வருஷம் தொலைத்துவிட்டு வந்த ஸ்லேட்டர் அந்த அணியில் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குக் கத்தி தீட்டினார்கள். 2006-ல் பொடிசுகளாக வந்து வருஷக்கணக்கில் ஜெயித்துக் கொடுத்த சாம் தைடே, நேட் மைல்ஸ் ரெண்டு பேரும் வெளியே. ஸ்லேட்டர் உள்ளே. இதில் ஒரு வேடிக்கை. வெளியே போனவர்களுக்கு 32, 31. உள்ளே வந்தவருக்கு 34! வயசுதான் அளவுகோல் என்றால் இந்தத் தேர்வு பைத்தியக்காரத்தனம். ஆனா 18-16, 22-6 என்று ரெண்டையும் ஜெயித்து தொடர் குயின்ஸ்லாந்துக்கு.

அந்த ஸ்லேட்டர் 2022-ல் அதே அணிக்குக் கோச்சானார். 2025 முதல் ஆட்டத்தில் 6-18 தோல்வி. அவர் செய்த முதல் வேலை, அணித் தலைவர் டேலி செரி-எவான்ஸை, 36 வயதுக்காரரை, வெளியே எடுத்தது. அவர் இடத்தில் டாம் டியர்டன், 24 வயது. லாங்கர் பறந்து வந்த அதே 2001-ல் பிறந்த பையன்! தலைமை கேமரூன் மன்ஸ்டருக்கு. 26-24, 24-12 என்று குயின்ஸ்லாந்து தொடரைத் தூக்கியது.

34-ல் தனக்குக் கிடைத்த நம்பிக்கையை 36-ல் இன்னொருத்தருக்கு மறுத்தாரே, நன்றி கெட்ட செயல் இல்லையா என்று ஒரு கேள்வி வரும். எனக்கும் செரி-எவான்ஸை நினைத்தால் மனசு சங்கடம்தான். தலைவனாக இருந்த மனிதன் அடுத்த ஆட்டத்தை வெளியிலிருந்து பார்ப்பது சும்மா இல்லை. ஆனா ஸ்லேட்டர் முன்னுக்குப் பின் முரணாக நடக்கவில்லை என்பது என் கட்சி. 2017-ல் அவரை உள்ளே கொண்டுவந்தது பழைய சாதனைக்குச் செலுத்திய நன்றிக்கடன் இல்லை. அன்றைக்கு அந்த வேலைக்கு அவர் தேவைப்பட்டார். 2025-ல் அதே கேள்வியைக் கேட்டார், பதில் வேறாக வந்தது.

பீட்சன், லாங்கர், ஃபிட்லர், ஸ்லேட்டர் நாலு பேரிலும் ஒரு ஒற்றுமை இருக்கு. யாருமே 'எப்பவும் இருக்கிறவர், இருந்துட்டுப் போகட்டும்' என்று அணியில் இருந்தவர்கள் இல்லை. அணிக்கு வெளியே இருந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பசங்க விஷயத்திலும் அப்படித்தான். பென்னட்டும் ஃபிட்லரும் ஒருத்தர் ரெண்டு பேரை ஊறுகாய் மாதிரி ஓரமாக வைக்கவில்லை. கூட்டமாக இறக்கினார்கள்.

2001-ன் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெட்டரோ சிவோனிசீவா. 2012-ல் 36 வயதில், 33 ஆரிஜின் ஆட்டம் முடித்து, தொடரை ஜெயித்துவிட்டு விடைபெற்றார். அன்றைக்கு அவரைப் புதுமுகம் என்று ஒதுக்கியிருந்தால் இந்தப் பெருசு கிடைத்திருக்க மாட்டார்.

நீங்க எந்தக் கட்சி மக்களே? பின்னூட்டத்துல வந்து சண்டை போடுங்க :-)