சாட்சிக்கூண்டில் மனச்சாட்சி: ரோமர் 2:15–16 வாசிப்பில் ஒரு மறுப்பு

மனச்சாட்சியை மனிதனுக்குள் அமர்ந்திருக்கும் நீதிபதியாகக் காணும் வாசிப்பு பழையது. அதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படுவது ரோமர் 2:15. ஆனால் அந்த வசனத்தில் நீதிபதியே இல்லை. மனச்சாட்சி சாட்சி சொல்கிறது. எண்ணங்கள் குற்றஞ்சாட்டுகின்றன, எதிர்வாதமும் செய்கின்றன. நீதிபதி வருவது 16ஆம் வசனத்தில்தான்: மனிதரின் அந்தரங்கங்களை இயேசு கிறிஸ்துவைக் கொண்டு நியாயந்தீர்க்கும் தேவன்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இன்று உள்ளத்தில் நடக்கும் வாதம் 16ஆம் வசனத்தின் ‘நாளில்’ எப்படிப் போய்ச் சேரும்? சேராது என்று கருதியவர்கள் நடுவிலுள்ள வசனங்களை இடைக்குறிப்பாக ஒதுக்கினர். கிங் ஜேம்ஸ் ஆங்கிலப் பதிப்பு 13 முதல் 15 வரை அடைப்புக்குறிக்குள் வைக்கிறது. வாக்கியம் நேரானது; மனச்சாட்சியோ நியாயத்தீர்ப்பிலிருந்து கழன்றுகொண்டது.

அடைப்புக்குறி தேவைதானா? 15 நிகழ்காலம், 16 எதிர்காலம், இரண்டும் ஒட்டாது என்பதே முக்கியத் தடை. 16ஆம் வசனத்தின் ‘க்ரினெய்’ என்ற கிரேக்க வினையைப் பார்க்கலாம். அழுத்தம் முதலசையில் விழுந்தால் ‘தீர்க்கிறார்’. கடைசி அசையில் விழுந்தால் ‘தீர்ப்பார்’. மிகப் பழைய பெருவெழுத்துப் படிகளை எழுதியவர்கள் அழுத்தக்குறி இடவில்லை. பிற்காலத்தார் இட்ட சிறு கோட்டை நம்பித்தான் காலம் பிரிக்கப்படுகிறது. குற்றஞ்சாட்டுவதும் எதிர்வாதமும் முற்றுவினைகள்கூட அல்ல, எச்சங்கள். ‘சாட்டியும் வாதாடியும்’ என்று தமிழில் சொன்னால் எந்தக் காலம் என்பதை முற்றுவினையே தீர்மானிக்கும். இங்கும் ஏறக்குறைய அப்படித்தான். இதனால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. ஆனாலும் 15-ஐயும் 16-ஐயும் பிரிப்பவரே இனிக் காரணம் காட்ட வேண்டும்.

அந்த இரு எச்சங்களுக்கும் நடுவே பவுல் ‘ஏ காய்’ என்று எழுதுகிறார்: ‘அல்லது, சாதகமாகவும்கூட’. அந்தக் ‘கூட’ கவனிக்கத்தக்கது. குற்றச்சாட்டு எதிர்பார்த்தது, எதிர்வாதம் அரிதாக வாய்ப்பது. இரண்டையும் சம எடையில் மொழிபெயர்த்தால் சாய்வு மறைந்துவிடும்.

14ஆம் வசனத்தின் புறஜாதியார் கிறிஸ்தவர்களே என்ற அகஸ்தீனின் கருத்து இந்த வாதத்தைத் தொடாது. யாராயினும் கூண்டு ஒன்றுதான். ‘சாலமோனின் ஞானம்’ 17ஆம் அதிகாரம் சற்றுக் கடினமான மறுப்பு. இருளில் அகப்பட்ட எகிப்தியரைப் பற்றிய அப்பகுதியில் தீமை தன் சாட்சியாலேயே தண்டனை பெறுகிறது. ஆனால் அங்கே பேசப்படுவது அச்சம்; இறுதிநாள் விசாரணை அல்ல.

தமிழ்ச் சொல்லுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. மனச்சாட்சிக்கு இங்கே நிற்கும் கிரேக்கச் சொல்லான ‘சுனெய்தேசிஸ்’ என்பதன் நேர்ப்பொருள் உடனறிதல். நீதிமன்ற வாடை அதில் இல்லை. ‘மனச்சாட்சி’யில் சாட்சி வெளிப்படையாகவே நிற்கிறது. ‘மனச்சாட்சியின் தீர்ப்பு’ என்று எழுதும்போதுதான் சாட்சியை நாற்காலியில் ஏற்றிவிடுகிறோம்.

1 கொரிந்தியர் 4:4-இல் பவுல் இதைத் தன்மேலேயே வைத்துப் பார்க்கிறார். அவர் தனக்கு எதிராக எதையும் அறியவில்லை. அதனால் நீதிமான் ஆகிவிடவுமில்லை. அடுத்த வசனம் கர்த்தர் வரும்வரை தீர்ப்புச் சொல்வதைத் தடுக்கிறது. மறைந்தவை அப்போது வெளிச்சத்துக்கு வரும் என்கிறது. ‘மறைந்தவை’ என்பதற்கு அங்கே நிற்கும் ‘க்ரூப்தா’தான் ரோமர் 2:16-இல் ‘அந்தரங்கங்கள்’ என்பதற்கும் நிற்கிறது.