பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் ஆறு தடவை உலக சம்பியன்

நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரம் என்றதும் எமக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட்தான். ஆனால் நியூசிலாந்து தனது முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றது 1956இல். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே அந்த நகரில் வளர்ந்த ரொனி மூர் என்ற வாலிபர் இன்னொரு விளையாட்டில் உலக சம்பியனாகிவிட்டார். அடுத்து 1957இல் அதே ஊரைச் சேர்ந்த பெரி பிரிக்ஸ். இவர்கள் இருவரையும் பார்த்து வளர்ந்த பையன்தான் ஐவன் மேஜர், பிறந்தது 1939இல். (ஆங்கிலத்தில் பெயரை எழுதும் விதம் வேறு, உச்சரிப்பு மேஜர்தான். பட்டாளத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.)

அந்த விளையாட்டின் பெயர் ஸ்பீட்வே. எம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 300, 400 மீற்றர் நீளமான முட்டை வடிவ மண் பாதை. நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகத்தான் திரும்புவார்கள். 500 சீசீ சைக்கிள், பெற்றோலுக்குப் பதிலாக மெதனோல், ஒரேயொரு கியர். பிரேக் கிடையவே கிடையாது! வளைவில் பின்சில்லைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு மாட்டிய இடது காலை நிலத்தில் ஊன்றித்தான் திரும்ப வேண்டும். ஓர் ஓட்டம் ஒரு நிமிடம், சொச்சம். முதலாமவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசியாக வருபவருக்குப் பூச்சியம்.

மேஜரின் காலத்தில் உலக இறுதிப் போட்டி ஒரே நாளில் முடிந்துவிடும். 16 வீரர்கள், ஆளுக்கு ஐந்து ஓட்டம். ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் ஒரு தடவை சந்திப்பார்கள். அன்றைக்கு இயந்திரம் ஒரு தடவை மக்கர் பண்ணினால் அந்த வருட உழைப்பு அவ்வளவும் போச்சு.

1957இல், 17 வயதில் மேஜர் இங்கிலாந்துக்குப் போனார். ரொனி மூர் ஓடிய அதே விம்பிள்டன் கழகத்துக்குத்தான். ஆனால் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, ஊர் திரும்பிவிட்டார். ஓ.எல். பரீட்சையில் ஒரு தடவை தவறிய பிள்ளையை "அவன் அவ்வளவுதான்" என்று முத்திரை குத்தும் பெற்றோரை நாம் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் அடுத்த ஆறு வருடங்களை இங்கே சொல்ல விரும்புகிறோம். நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் ஓடி ஓடித் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு, 1963இல் மனைவி பிள்ளைகளோடு மறுபடி இங்கிலாந்து போனார். இம்முறை பெரிய கழகமல்ல, இரண்டாந்தரப் போட்டித் தொடரில் ஆடிய நியூகாசில். அந்த வருடமே அத்தொடரின் தனிநபர் சம்பியன், மறுவருடமும் அவரே. 1968இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் முதலாவது உலகப் பட்டம். 1969இல் லண்டன் வெம்ப்லி, 1970இல் போலந்தின் வ்ரோத்ஸ்வாவ். தொடர்ந்து மூன்று வருடம் இப்படி வென்றவர் அதற்கு முன் எவருமில்லை. மூன்றாவதையும் வென்றால் சைக்கிளுக்குத் தங்க முலாம் பூசித் தருவோம் என்று அமெரிக்க ரசிகர்கள் இருவர் வாக்குக் கொடுத்திருந்தார்கள், சொன்னபடியே பூசியும் கொடுத்தார்கள்.

இனித்தான் ஆசிரியர்களாகிய எமக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. 1960களின் நடுப்பகுதியில் மேஜர் டென்மார்க்கில் இளைஞர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அங்கே வந்த ஒரு மாணவர் ஒலே ஓல்சன். திறமையைக் கண்டுகொண்ட மேஜர் அவரை நியூகாசிலுக்கு வரவழைத்துத் தனது அணியிலேயே ஓட வைத்தார். தொழில் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைக்கும் உலகத்தில் இது சின்ன விசயமல்ல. 1971இல் மேஜர் நான்காவது தடவையாகத் தொடர்ந்து வெல்லப் போகிறார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, கோதன்பர்க்கில் ஐந்து ஓட்டத்தையும் வென்று 15க்கு 15 எடுத்தவர் ஓல்சன். குரு இரண்டாமிடம்.

குரு சும்மா இருக்கவில்லை. அதே 1971இல் நோர்வேயின் ஒஸ்லோவில் நடந்த முதலாவது லோங்ட்ராக் உலக சம்பியன் பட்டம் அவருக்குத்தான். லோங்ட்ராக் என்பது ஸ்பீட்வேயின் பெரிய அண்ணன் மாதிரி. சுற்றொன்று சுமார் 1000 மீற்றர், பல இடங்களில் குதிரை ஓடும் திடலிலேயே நடக்கும். ஆட்களும் கூட, வேகமும் கூட. சின்னத் திடலில் சறுக்கி ஓடப் பழகியவருக்கு இது வேறொரு கலை. 1972இல் ஜேர்மனியின் மூல்டோர்ஃபில் அதையும் வென்று, வெம்ப்லியில் சமநிலையை உடைக்கும் மேலதிக ஓட்டத்தில் சுவீடன் வீரர் பேர்ன்ட் பெர்சனை முந்தி ஸ்பீட்வே பட்டத்தையும் எடுத்தார். ஒரே வருடத்தில் இரண்டு உலக கிரீடம்! லோங்ட்ராக்கில் மூன்றாவது பட்டம் 1976இல், செக்கோஸ்லோவாக்கியாவில்.

1973ஐயும் மறைக்க வேண்டியதில்லை. போலந்தின் ஹோஷூவ் மைதானம், இலட்சத்துக்கு மேற்பட்ட சனம். மறுபடியும் சமநிலை, மறுபடியும் மேலதிக ஓட்டம். எதிரே உள்ளூர் வீரர் யெர்ஷி ஷ்சாக்கியெல், யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்காதவர். முந்தப் போன மேஜர் தடுமாறி விழுந்தார். போலந்துக்கு முதலாவது உலக சம்பியன் கிடைத்தார்.

அதன் பின் 1974இல் இரண்டாமிடம், 1975இல் பட்டம் ஓல்சனுக்கு. மேஜரின் கதை முடிந்தது என்று பலர் எழுதிவிட்டார்கள். 1977இல் கோதன்பர்க்கில் கொட்டும் மழைக்குள் ஐந்தாவது பட்டம். அன்று இரண்டாமிடம் வந்த இங்கிலாந்தின் பீற்றர் கொலின்ஸ் உடைந்த காலோடு ஓடினார் என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1979இல் அதே ஹோஷூவ் மைதானத்தில் ஆறாவது பட்டம். அடுத்த மாதம் அவருக்கு 40 வயது. அந்த வருடமே நியூசிலாந்து அணி உலகக் கிண்ணத்தையும் வென்றது. தனிநபர், இருவர், அணி, லோங்ட்ராக் என்று சேர்த்தால் 15 உலகப் பட்டங்கள்.

2018 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் 78 வயதில் காலமானார். ஆறு பட்டம் என்ற கணக்கை சுவீடனின் டோனி ரிக்கார்ட்சன் 2005இல் எட்டிப் பிடித்தார். ஓல்சன் மூன்று தடவை சம்பியனாகி, தனது ஊருக்கருகே வொயென்ஸில் ஒரு திடலையும் அமைத்தார். 1984 முதல் 1989 வரை ஆறு வருடமும் உலகப் பட்டம் டென்மார்க்கை விட்டு வெளியே போகவில்லை.